க்ளோசபின்: எல்லோரும் ரத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், வயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை

கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தம்பிக்கு 26 வயது. நான்கு வருடமாக ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய். முதலில் ரிஸ்பெரிடோன், அப்புறம் ஓலான்சபின், இரண்டும் மாதக்கணக்கில் சாப்பிட்டும் காதில் கேட்கும் குரல் நிற்கவில்லை. இப்போது டாக்டர் க்ளோசபின் தொடங்கலாம் என்கிறார். ஆனால் வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டுமாம். "ரத்தத்தை எடுத்து எடுத்தே பையனக் கொன்னு போடுவாங்க" என்று அம்மா அழுகிறார். "அது கடைசி மருந்துங்க, ஆளையே கவுத்துரும்" என்று மெடிக்கல் ஷாப்காரர் சொல்லிவிட்டார். தம்பி பீடி குடிப்பான், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கள்ளும் உண்டு. தொடங்கலாமா, வேண்டாமா?

பொள்ளாச்சியிலும் பாலக்காட்டுச் சித்தூரிலுமாக எல்லையின் இரண்டு பக்கமும் மனநல மருந்துச் சீட்டுகளையே பார்த்துக் காலம் தள்ளிய பார்மசிஸ்ட் நான். டாக்டர் இல்லை. உங்கள் தம்பிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "தொடங்கலாமா" என்ற கேள்விக்குத் தயங்காமல் சொல்வேன், தொடங்கலாம் அம்மிணி. இன்னும் தள்ளிப் போடுவதுதான் நஷ்டம்.

அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த இரண்டு மருந்தையும் தம்பி உண்மையிலேயே விழுங்கினாரா? கோபிக்க வேண்டாம், இதைக் கேட்காமல் யாரும் க்ளோசபினுக்குப் போகக் கூடாது. "மூணு மருந்து மாத்தியாச்சு, ஒண்ணுக்கும் கேக்கல" என்று வந்த ஒரு குடும்பத்தில், வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கட்டிலை நகர்த்தியபோது, பழைய பான்பராக் டப்பா நிறைய மாத்திரை கிடைத்தது. பாதி கரைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போய். நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பியவை. அப்படி எதுவும் இல்லை, இரண்டு மருந்தும் போதுமான அளவில் ஒவ்வொன்றும் ஆறு வாரத்துக்குக் குறையாமல் உள்ளே போயிருக்கிறது, ஆனாலும் குரல் கேட்கிறது என்றால், மூன்றாவதாக இன்னொரு சாதாரண மருந்தைத் தேடி ஓடுவதில் அர்த்தம் அதிகமில்லை. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார். இந்த இடத்தில் வேலை செய்யும் என்று நிரூபணமான மருந்து க்ளோசபின்தான்.

மெடிக்கல் ஷாப்காரர் பயமுறுத்தியதற்கு ஒரு பழைய கதை உண்டு. சுவிட்சர்லாந்தில் 1950-களின் கடைசியில் கண்டுபிடித்த மருந்து இது. ஐரோப்பாவில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிந்து, எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள், பல ஆண்டுகள் அது ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது. பிறகு அமெரிக்காவில், வேறு எந்த மருந்துக்கும் மசியாத 268 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 1988-ல் முடிவு வந்தது: பழைய குளோர்ப்ரோமசின் கொடுத்தவர்களில் 100-க்கு 4 பேர் தேறினார்கள், க்ளோசபின் கொடுத்தவர்களில் 100-க்கு 30 பேர். ரத்தத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1989-ல் அனுமதித்தது. தற்கொலை எண்ணத்தைக் குறைக்கவும் இது உதவுகிறது என்று 2002-ல் தனியாக ஒப்புதல் கொடுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பின்லாந்தில் 66,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் 11 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. இந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களில் சாவு விகிதம் எந்த மருந்தில் குறைவு என்று பார்த்தால், க்ளோசபினில்.

சரி, ரத்தம். வெள்ளை அணுக்கள் அபாயமான அளவுக்குச் சரிவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் முதல் நான்கைந்து மாதத்துக்குள். அதனால்தான் ஆரம்பத்தில் வாரா வாரம் பார்க்கிறார்கள். பல இடங்களில் கடைப்பிடிக்கும் முறை: முதல் 18 வாரம் வாரம் ஒரு தடவை, ஒரு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை. உங்கள் டாக்டர் கொஞ்சம் முன்பின்னாக வைத்திருக்கலாம். 2025-ல் எஃப்.டி.ஏ., ரத்த ரிப்போர்ட் காட்டினால்தான் மாத்திரை என்ற கெடுபிடித் திட்டத்தை எடுத்துவிட்டது. அதைப் படித்துவிட்டு "அமெரிக்காவுலயே டெஸ்ட் வேண்டாம்னுட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுத்தது கட்டாயத்தைத்தான், பரிசோதனையை அல்ல.

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒரு தடவைக்கு எடுப்பது இரண்டு, மூன்று மில்லி. உடம்பில் ஓடுவது ஏறக்குறைய ஐந்து லிட்டர்.

ரிப்போர்ட்டை நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளலாம். கேட்க வேண்டியது சி.பி.சி. என்ற ரத்த அணுக்கள் எண்ணும் டெஸ்ட், அதோடு வெள்ளை அணுக்களை வகை பிரித்துக் காட்டும் டிஃபரன்ஷியல் கவுண்ட். தாளில் டோட்டல் கவுண்ட் என்று ஓர் எண் இருக்கும், மொத்த வெள்ளை அணுக்கள், 6,800 என்று வைத்துக்கொள்வோம். கீழே நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு வகை 58% என்று இருக்கும். சில லேபில் பாலிமார்ஃப் என்று போடுவார்கள், இரண்டும் ஒன்றுதான். 6,800-ல் 58 சதவீதம் 3,944. அந்த எண்தான் உங்களுக்கு வேண்டும். அது 2,000-க்கு மேல் இருக்கும்வரை கவலை இல்லை. 1,500-க்குக் கீழே வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. 500-க்குக் கீழே என்றால் அதுதான் பின்லாந்தில் நடந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, டோட்டல் கவுண்ட், நியூட்ரோஃபில் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வையுங்கள். கேரளத்தில் இருக்கும் டாக்டரைப் பார்த்தாலும் கோயம்புத்தூர் டாக்டரைப் பார்த்தாலும் அந்த நோட்டு ஒன்று போதும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

டெஸ்ட்டுக்கு நடுவில் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் டோலோ போட்டுப் படுக்க வைக்காதீர்கள். அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

ரத்தத்தைப் பற்றி இவ்வளவுதான். எல்லோருக்கும் பயம் இருப்பதால் எல்லோரும் கவனிக்கிறார்கள், கவனிப்பதாலேயே அதில் சாவு அரிதாகிவிட்டது. நான் பயப்படுவது வேறு இடத்தில்.

முதலில் மலச்சிக்கல். சிரிக்காதீர்கள். க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். சாதாரண மலச்சிக்கல் மாதிரி வந்து, குடல் அடைத்து, உள்ளேயே அழுகி உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். 2020-ல் எஃப்.டி.ஏ. இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. நம் பக்கம் என்ன நடக்கிறது? 26 வயசுப் பையனிடம் "வெளிய போனியா" என்று அக்கா கேட்க முடியாது, அவனாகச் சொல்லவும் மாட்டான். டாக்டரும் "குரல் எப்படி இருக்கு" என்று கேட்டு அனுப்பிவிடுவார். அதனால் அந்த நோட்டிலேயே நான்காவது கட்டம் ஒன்று போட்டு, வெளியே போன நாளில் ஒரு டிக் போடச் சொல்லுங்கள். அவரே போட்டால் போதும், வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் காலியாக இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள். வயிறு உப்பி, வலித்து, வாந்தி வந்தால் நேரே ஆஸ்பத்திரிக் கேஷுவால்ட்டி, "க்ளோசபின் சாப்பிடுகிறான்" என்ற வார்த்தையோடு. அதைச் சொல்லாவிட்டால் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

மருந்து தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் சேர்த்துத் தருகிற டாக்டர்கள் இருக்கிறார்கள், தராவிட்டால் நீங்கள் கேட்கலாம். இசப்கோல் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது மலத்தின் கனத்தைக் கூட்டும் சரக்கு, அசைவே இல்லாத குடலில் அது உதவாது, சமயத்தில் அடைப்பை மோசமாக்கும். இன்னொன்று, ரிஸ்பெரிடோன் காலத்தில் கை நடுக்கத்துக்காகப் பேசிட்டேன் கொடுத்திருப்பார்கள். க்ளோசபினுக்கு மாறிய பிறகும் அது சீட்டில் பழக்கதோஷத்தில் தொடரும். க்ளோசபினில் நடுக்கமும் விறைப்பும் வெகு குறைவு, பேசிட்டேனோ குடலை இன்னும் கட்டும். "இது இன்னும் தேவையா சார்" என்று கேளுங்கள். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில் தண்ணீர்க் கணக்கும் முக்கியம்.

இரண்டாவது, விட்டுப்போன மாத்திரை. க்ளோசபினை 25 மி.கி. மாத்திரையில் பாதி, அதாவது 12.5 மி.கி. என்று தொடங்கி, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 300, 400 என்று கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக? ஒரேயடியாகக் கொடுத்தால் பி.பி. சரிந்து ஆள் மயங்கி விழுவார், வலிப்பு வரலாம். உடம்பு பழக நேரம் வேண்டும். பழகியது மறக்க 48 மணி நேரம் போதும். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய 300-ஐ எடுத்து விழுங்கக் கூடாது, மறுபடி பாதி மாத்திரையிலிருந்துதான், டாக்டர் சொல்லி ஆரம்பிக்க வேண்டும். இதைத் தெரியாமல் "ரெண்டு நாள் உட்டுப்போச்சு, சேத்துப் போட்டுட்டேன்" என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் ஊரில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சின்னக் கடைகளில் க்ளோசபின் இருப்பு வைக்க மாட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி ஸ்ட்ரிப் காலி. ஞாயிறு கடை இல்லை. திங்கட்கிழமை ஹர்த்தால், பஸ் ஓடாது. செவ்வாய்க்கிழமை பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ வாங்கி வரும்போது 48 மணி நேரம் தாண்டிவிட்டது. ஒரு வாரத்து மாத்திரை எப்போதும் தனியாக இருக்கட்டும். டாக்டர் சீட்டு எந்த மாநிலத்தில் எழுதியதாக இருந்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கமும் செல்லும், "கேரளா சீட்டுக்கு இங்க தரமாட்டோம்" என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாங்கும்போது பழைய ஸ்ட்ரிப்பைக் கையில் கொண்டுபோய், புதியதோடு எழுத்துக் கூட்டி ஒப்பிட்டு வாங்குங்கள். க்ளோசபின், க்ளோனாசெபாம்: டாக்டர் கிறுக்கலில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். பின்னது தூக்கத்துக்கும் வலிப்புக்கும் தருவது. பெயர் பாதி தெரிந்து மாற்றிக் கொடுப்பது கவுண்டரில் நடக்கக்கூடிய தவறுதான். சைசோபின், லோசாபின் என்று பிராண்டு மாறினால் பரவாயில்லை, உள்ளே க்ளோசபின் என்று எழுதியிருக்கிறதா, மில்லிகிராம் அதேதானா என்று பாருங்கள்.

மூன்றாவது பீடி. இதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் நீங்கள் அதைக் கெட்ட பழக்கம் என்ற கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், நானோ மருந்து என்ற கணக்கில் பார்க்கிறேன். பீடிப் புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடும். க்ளோசபினைக் கரைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். அதனால் பீடி குடிக்கிறவருக்கு அதே பலன் கிடைக்க அதிக மாத்திரை வேண்டியிருக்கும். டாக்டர் அதற்குத் தகுந்தபடி ஏற்றி வைத்திருப்பார். திடீரென்று ஒருநாள் பீடியை விட்டால்? ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு கிடுகிடுவென்று ஏறும், ஒன்றரை மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். தூங்கி வழிவது, எச்சில் ஒழுகுவது, தள்ளாட்டம், கடைசியில் வலிப்பு. நிக்கோட்டின் இதற்குக் காரணமில்லை, புகைதான் காரணம். ஆகவே வாயில் அடக்கும் புகையிலையான ஹான்ஸ் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு இல்லை.

எல்லைப் பகுதியில் இது எப்போது நடக்கும் தெரியுமா? கார்த்திகை மாசம். மாலை போட்டுக்கொண்டு 41 நாள் விரதம். பீடி, கள்ளு இரண்டும் ஒரே நாளில் நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பத்தாம் நாள் பையன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், பேச்சு குழறுகிறது, "சாமி குத்தமோ" என்று அம்மா பயப்படுகிறார். குத்தமெல்லாம் ஒன்றுமில்லை, பீடியை விட்டதுதான். மாலை போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலை போடும் முன்பே டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்து, இடையில் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். திரும்பி வந்து பீடியைத் தொட்டாலும் சொல்ல வேண்டும், அப்போது மருந்து போதாமல் போய்விடும். பீடியை ஒரேயடியாக விட்டே தீர வேண்டும் என்று நினைத்தால் இன்னும் நல்லது, ஆனால் டாக்டருக்குத் தெரிந்து விடட்டும். ஆஸ்பத்திரியில் வேறு ஏதாவது காரணத்துக்காக அட்மிட் ஆனாலும் இதே கதைதான், வார்டில் பீடி கிடைக்காது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. வயிற்றுப்போக்குக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் அதே நொதியைத் தடுக்கும், மருந்தளவு அதே மாதிரி ஏறும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் வேறு விதத்தில் கூடாது, அதுவும் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது. கடையில் கேட்டு வாங்கி மாத்திரை போடுகிற வழக்கத்தைத் தம்பி விஷயத்தில் மட்டுமாவது நிறுத்துங்கள். நாட்டு வைத்தியம், ஆயுர்வேதம் எது சேர்த்தாலும் டாக்டர் காதில் போட்டுவிடுங்கள்.

நான்காவது இதயம். முதல் இரண்டு மாதத்தில், அதிலும் முதல் ஒரு மாதத்தில், மிகச் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, காய்ச்சல். படபடப்பு மட்டும் என்றால் இந்த மருந்தில் சகஜம்தான், மற்றவை சேர்ந்தால் சகஜம் இல்லை. தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிடலாம்.

மற்றவை தொல்லைதான், ஆபத்து குறைவு. ராத்திரி எச்சில் ஒழுகித் தலையணை நனையும், துண்டு விரித்து ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். பகலில் தூக்கம் வந்தால் பெரும்பங்கை ராத்திரிக்கு மாற்றலாம். எடை ஏறும், ஓலான்சபினில் ஏற்கெனவே ஏறியிருக்கும். தொடங்கும் முன் சுகர், கொழுப்பு பார்த்து, மூன்றாம் மாதம் மறுபடி பாருங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். எடைக்கு மெட்ஃபார்மின் சேர்ப்பதும் உண்டு, அது சுகர் வந்துவிட்டதற்கு அடையாளமில்லை, பதற வேண்டாம்.

கள்ளு பற்றி. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு உங்கள் சித்தூர் தாலுகாவில் இறக்குவதுதான், அங்கே இருந்துகொண்டு தொடாதே என்றால் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். முதல் சில மாதம், அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது, கண்டிப்பாகக் கூடாது. மயக்கத்தோடு மயக்கம் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், பி.பி. சரியும், வலிப்பு எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகும் கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் குடித்துவிட்டு வந்த அன்று பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். தோப்பு வேலைக்குப் போகிறவராக இருந்தால் மரம் ஏறுவது, கிணற்று மேட்டில் நிற்பது, பைக் ஓட்டுவது இவை இப்போதைக்கு வேண்டாம். வலிப்புக்கான வாய்ப்பு அளவோடு சேர்ந்து ஏறும், 600 மி.கி.க்கு மேல் போனால் அதிகம்.

எப்போது குணம் தெரியும்? பத்து நாளில் தெரியாது. சிலருக்கு ஆறு வாரத்தில், பலருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். குரல் அடியோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. "கேக்குதுங்க, ஆனா தூரத்துல கேக்குது, நான் பாட்டுக்கு வேலையப் பாக்கறேன்" என்கிறவர்கள்தான் அதிகம். அதுவே பெரிய விஷயம். போதை மருந்து மாதிரி இது அடிமையாக்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் நோய் பழையதைவிட மூர்க்கமாகத் திரும்பும், வியர்வை, வாந்தி என்று உடம்பும் எதிர்க்கும்.

ஒரு சங்கதி விட்டுப்போயிற்று. உங்கள் கேள்வியில் அம்மா என்ன சொன்னார், கடைக்காரர் என்ன சொன்னார் எல்லாம் இருக்கிறது. தம்பி என்ன சொன்னார் என்று இல்லை. ஊசியும் மாத்திரையும் அவருக்குத்தான். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் அவரே. குரலுக்கு நடுவிலும் மனிதர்களுக்கு நிறையப் புரியும். வாரா வாரம் ஊசி குத்துவதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்றாவது வாரமே எல்லாம் நின்றுபோகும், நீங்கள் எத்தனை நோட்டுப் போட்டாலும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தம்பியையும் உட்கார வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்: மலமிளக்கி சேர்த்துத் தருவீர்களா, பேசிட்டேன் வேண்டுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை சி.பி.சி., காய்ச்சல் வந்தால் ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது. கடைசிக் கேள்விக்கு ஒரு நம்பர் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். நடுவில் சந்தேகம் வந்தால், மனம் தளர்ந்தால், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். சந்தைக்குப் போகிற நாளைப் பார்த்து லேபுக்கும் ஒரே நாளாக வைத்துக்கொண்டால் பஸ் செலவு மிச்சம், வாரமும் மறக்காது.